'சகோதரரே' என்று அழைக்கும்போது

கிறிஸ்துவில் அன்பார்ந்த சகோதர சகோதரிகளே,

இப்படி அழைத்துத்தான் நாம் மறையுரையைத் தொடங்குகிறோம். திருப்பலியிலும் அன்பியக் கூட்டத்திலும் இதே சொல்தான். ஒரு தாய் வயிற்றில் பிறவாதவரை இவ்வாறு அழைப்பது உண்மையா, வெறும் மரியாதைப் பேச்சா? திருச்சபை இந்தக் கேள்வியைத் தன் தொடக்கக் காலத்திலேயே எதிர்கொண்டது.

இன்றைய துனிசியா நாட்டில் இருந்த கார்த்தேஜ் நகரில், கி.பி. 197ஆம் ஆண்டையொட்டி தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவர் ஒரு நூல் எழுதினார. கிறிஸ்தவர்கள் ஒருவரையொருவர் சகோதரர் என்று அழைப்பதைப் பிறர் ஏளனம் செய்த காலம் அது. அவர்களுக்குப் பதிலாக அவர் சபையின் பொது நிதியைச் சுட்டிக்காட்டினார். மாதம் ஒரு முறை, கட்டாயம் ஏதுமின்றி, அவரவர் இயன்றதைக் கொடுப்பார்கள். அந்தப் பணம் விருந்துகளுக்குப் போகவில்லை. ஏழைகளுக்கு உணவிடவும், அவர்களை அடக்கம் செய்யவும் பயன்பட்டது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும், முதியோருக்கும், கப்பல் உடைந்து தவித்தவர்களுக்கும், விசுவாசத்திற்காகச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் வாடியவர்களுக்கும் சென்றது.

'தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு' என்பது நம் பழமொழி. உடன்பிறந்தாரையே பிரிக்கும் சொத்து, எங்களைச் சகோதரராக இணைக்கிறது என்பது தெர்த்துல்லியனின் வாதம். ஏளனம் செய்தவர்களையும் அவர் ஒதுக்கவில்லை. மனித இயல்பின்படி நாங்கள் உங்களுக்கும் சகோதரர்களே என்றார்.

ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அந்நகரின் ஆயராக இருந்தவர் புனித சிப்பிரியான். அருகிலிருந்த நுமீதியாவில் கிறிஸ்தவர் பலரைக் கொள்ளையர் பிடித்துச் சென்றனர். செய்தி வந்ததும், சிறைப்பட்டவர் நம் பிள்ளையாக, நம் மனைவியாக இருந்தால் என்ன செய்வோமோ அதைச் செய்ய வேண்டும் என்று அவர் எண்ணினார். குருக்களும் மக்களும் சேர்ந்து 1,00,000 செஸ்டர்ஸ் என்னும் உரோமை நாணயங்களைத் திரட்டி, அவர்களை மீட்க அனுப்பினர். மீண்டும் இப்படி நேர்ந்தால் தயங்காமல் எழுதுங்கள் என்றும் ஆயர் மடல் வரைந்தார்.

அதே காலத்தில் நகரில் கொள்ளைநோய் பரவியது. உறவினரே நோயாளிகளை விட்டு ஓடினர். தெருக்களில் பிணங்கள் கிடந்தன. நம்மவரை மட்டும் கவனிப்பதில் பெருமை இல்லை என்று சிப்பிரியான் போதித்தார். கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய மக்களுக்கும் உதவி சென்றது. அவருடன் வாழ்ந்த திருத்தொண்டர் பொந்தியு இதைப் பதிவு செய்துள்ளார்.

அன்பர்களே, அந்த ஏழைக் கிறிஸ்தவர்கள் 'சகோதரர்' என்ற சொல்லுக்குக் கையிலிருந்த காசைக் கொடுத்தார்கள். உயிரையும் பணயம் வைத்தார்கள். நாமோ பீடத்தின் முன் சகோதரரே என்று கைகூப்புகிறோம். ஆனால் தமிழகத்தில் சில ஊர்களில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்திலேயே சாதியின் பெயரால் சுவர் நிற்கிறது. உயிரோடு இருந்தபோது சகோதரர், இறந்தபின் வேற்றாளா?

இந்த வாரம் நாம் ஒவ்வொருவரும் ஒருவரையாவது நினைப்போம்: வாயால் அண்ணா, அக்கா என்று அழைத்தும் நம் வீட்டு வாசற்படி தாண்ட விடாத ஒருவரை. அவரை உள்ளே அழைத்து, நாம் உண்ணும் தட்டிலேயே உணவு பரிமாறுவோம். அதற்கான மனத்தை இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.