பதினொரு குதிரையா, எண்பது கிலோமீட்டரா?

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு நேயர் கேட்டிருந்தார்: "ஃபெராரி, லம்போர்கினி மாதிரி வண்டிகளை வாங்குறதுக்கு முன்னாடி எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பாங்க? அதோட வரலாற்றைப் பேசுங்களேன்." நல்ல கேள்விதான். ஆனா திண்டுக்கல்ல உட்கார்ந்து நான் ஃபெராரியைப் பத்திப் பேசினா, அது பார்க்காத ஊருக்கு வழி சொல்ற கதை. வேகமான ரெண்டு வண்டியைப் பக்கத்துல நிறுத்தி, எதை எடுக்கலாம்னு ராத்திரி தூங்காம யோசிச்ச காலம் நம்ம ஊருக்கும் இருந்தது. அது காருக்கு இல்ல, பைக்குக்கு.

ஆனாலும் லம்போர்கினியில ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கறேன். 1963-ல அந்தக் கார் கம்பெனியை ஆரம்பிச்சவர் அதுக்கு முன்னாடி டிராக்டர் செஞ்சு விற்றவர். நம்ம நாட்டுல இளைஞர்கள் ஏங்கின ரெண்டு வேகமான பைக்குகளும் ஒரு டிராக்டர் கம்பெனியிலிருந்துதான் வந்தன. எஸ்கார்ட்ஸ். ஒண்ணு ராஜ்தூத் 350, இன்னொண்ணு யமஹா ஆர்எக்ஸ் 100.

முதல்ல பின்னணியைச் சொல்லிடறேன். எழுபதுகள்ல பைக்குன்னா புல்லட், ஜாவா-எஸ்டி, ராஜ்தூத். அவ்வளவுதான். எண்பதுகளின் தொடக்கத்துல மத்திய அரசு, 100 சிசி வரைக்குமான இருசக்கர வண்டிகளுக்கு வெளிநாட்டுக் கூட்டு வச்சுக்கலாம்னு அனுமதிச்சது. உடனே ஜப்பானின் நாலு பெரிய கம்பெனிகளும் ஆளுக்கொரு இந்தியக் கம்பெனியோட கை கோத்தாங்க. ஓசூர்ல டிவிஎஸ் குடும்பத்தோட சுசுகி, ஹீரோவோட ஹோண்டா, எஸ்கார்ட்ஸோட யமஹா, பஜாஜோட கவாசாகி. 1984-லிருந்து 86-க்குள்ள நாலு வண்டியும் ரோட்டுக்கு வந்துடுச்சு. நாலுமே ஏறத்தாழ 100 சிசி. ஏன்னா சட்டம் போட்ட கோடு அதுதான்.

இதுக்கு நடுவுல இன்னொரு சம்பவம். 1985 செப்டம்பர் 15-ம் தேதி மதுரை மாவட்டத்திலிருந்து பிரிஞ்சு திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனது. அதே வருஷக் கடைசியிலதான் ஆர்எக்ஸ் 100-ம் வந்தது. மாவட்டத்துக்கும் வண்டிக்கும் ஒரே வயசுன்னு எங்க மாமா இன்னிக்கும் சொல்லிக்கிட்டிருப்பார்.

இப்போ ஒப்பீட்டுக்கு வருவோம். ராஜ்தூத் 350-ஐ முதல்லயே ஒதுக்கிடலாம். 1983-ல வந்த இரட்டை சிலிண்டர் வண்டி, 347 சிசி. 'ஹெச்டி'ன்னு சொல்ற மாடல்ல 30.5 குதிரைத்திறன், 'எல்டி'யில 27. ஜப்பான்ல இதோட மூல வண்டிக்கு முன்னாடி டிஸ்க் பிரேக் இருந்தது. இங்க செலவைக் குறைக்க டிரம் பிரேக் போட்டாங்க. வேகத்தைக் கொடுத்துட்டு நிறுத்துற பொருளைக் குறைச்சது சரியான கணக்கில்லை. பெட்ரோலும் நிறையக் குடிக்கும். அன்னைக்கு நடுத்தரக் குடும்பத்துக்கு அது நின்னு பார்க்குற வண்டி, வாங்குற வண்டி இல்ல.

நிஜமான போட்டி 100 சிசிக்குள்ளதான். ஆர்எக்ஸ் 100 எஞ்சின் 98 சிசி, 11 குதிரைத்திறன். வண்டி எடை நூறு கிலோவை ஒட்டி. ஹீரோ ஹோண்டா சிடி 100-ல அதே அளவு எஞ்சின்தான், ஆனா ஏழரைக் குதிரைக்குப் பக்கம். ஏன் இந்த வித்தியாசம்? ஆர்எக்ஸ் டூ-ஸ்ட்ரோக். எஞ்சின் ஒரு சுத்து சுத்தினாலே ஒரு தடவை வெடிச்சுத் தள்ளும். ஹோண்டா ஃபோர்-ஸ்ட்ரோக், ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான். ஆனா டூ-ஸ்ட்ரோக்குல உள்ள வர்ற பெட்ரோல்ல ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியா வெளியே போயிடும். கூடவே ஆயிலும் எரியணும். அதனாலதான் அந்தப் புகை, அந்த வாசனை, அந்த மைலேஜ். ஹோண்டாக்காரங்க லிட்டருக்கு 80 கிலோமீட்டர்னு விளம்பரம் பண்ணினப்போ, யமஹா வச்சிருந்தவங்க நாப்பது, நாப்பத்தஞ்சுக்கே சந்தோஷப்பட்டாங்க.

ஒரு கணக்கு பாருங்க. 350 சிசி புல்லட்டுக்கு 18 குதிரை, எடை 160 கிலோவுக்கு மேல. குதிரையை எடையால வகுத்தா புல்லட்டும் ஆர்எக்ஸும் ஏறக்குறைய சமம். மூணரை மடங்கு பெரிய எஞ்சினோட சமம்! பெட்டிக்கடையில பெருமையாப் பேசின கணக்கு இது. ஆனா அதுல ஒரு ஓட்டை இருக்கு. ஓட்டுறவர் எடையைச் சேர்க்கல. அறுபது கிலோ ஆள் ஏறினா சின்ன வண்டிக்குத்தான் நஷ்டம் அதிகம். பின்னாடி இன்னொருத்தரும் உட்கார்ந்து சிறுமலை 18 கொண்டை ஊசி வளைவுல ஏறினா, யார் ஜெயிப்பாங்கன்னு நீங்களே சொல்லிடலாம்.

சரி, எங்க வீட்டுக் கதை. மாமாவுக்கு நிலக்கோட்டை பக்கத்துல ஒரு கிராமம். மல்லிகைத் தோட்டம். விடியறதுக்கு முன்னாடி பூப்பறிச்சு, நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்குக் கொண்டு போகணும். 14 கிலோமீட்டர். பொழுது ஏற ஏற விலை மாறும், பூவும் மலர்ந்துடும். அதனால வேகம் வேணும்னு மாமா சொன்னார். 1989-ல அம்மாச்சி தன் ரெட்டை வடச் செயினை அடகு வச்சுக் காசு கொடுத்தாங்க.

மூணு வண்டி பேச்சுல இருந்தது. ஆர்எக்ஸ், ஹீரோ ஹோண்டா, டிவிஎஸ்-சுசுகி. தாத்தா சுசுகி பக்கம். "மதுரைக்காரங்க ஆரம்பிச்ச கம்பெனி, சாமான் கிடைக்கும்"னு அவர் கட்சி. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-ல மதுரையில தொழில் தொடங்கினவர்ங்கறதால அப்படி ஒரு சொந்தம். பெரிய மாமா ஹோண்டா பக்கம். அன்னைக்கு டெஸ்ட் டிரைவ் எல்லாம் பெருசா கிடையாது. ஒப்பீடு நடந்த இடம் மெக்கானிக் பட்டறையும் டீக்கடையும்தான். யார்கிட்டயாவது வண்டியைக் கெஞ்சி வாங்கி வத்தலக்குண்டு ரோட்டுல ஒரு ரவுண்டு. மாமாவும் அப்படி ஒரு ரவுண்டு போயிட்டு வந்து சொன்னார், ஆர்எக்ஸ்தான்னு.

நான் இந்த எபிசோடுக்காக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 14 கிலோமீட்டரை 50 வேகத்துல போனா 17 நிமிஷம். 60-ல போனா 14. மிச்சமாகறது மூணு நிமிஷம். அதுக்கு விலை? தினம் 28 கிலோமீட்டர். 45 மைலேஜுக்கும் 70 மைலேஜுக்கும் மாசத்துக்கு ஆறரை லிட்டர் வித்தியாசம், ஆயில் தனி.

அதுக்கப்புறம் 1990 வந்தது. ஈராக் குவைத்துக்குள்ள நுழைஞ்சதும் கச்சா எண்ணெய் விலை ஏறுச்சு. அக்டோபர்ல மத்திய அரசு பெட்ரோலியப் பொருள்கள் மேல 25 சதவீதம் வளைகுடா கூடுதல் வரி போட்டது. எங்கேயோ பாலைவனத்துல நடந்த சண்டைக்கு நிலக்கோட்டை மல்லிகைப்பூ பணம் கட்டுச்சு. 1991-ல மாமா வண்டியை வித்துட்டார். அம்மாச்சி செயின் வீட்டுக்குத் திரும்பினது 1994-ல.

ஆர்எக்ஸும் ரொம்ப நாள் நிக்கல. 1993-ல டிவிஎஸ்-சுசுகி ஷோகன் 14 குதிரையோட வந்து அந்தப் பட்டத்தைப் பிடுங்கினது. 1996-ல புகைக் கட்டுப்பாடு இறுகினது. அதே வருஷம் ஆர்எக்ஸ் 100 உற்பத்தி நின்னது. நாடு பெரிய மாமா பக்கம் ஓட்டுப் போட்டுடுச்சு. மைலேஜ் ஜெயிச்சது.

இப்போ வேடிக்கை என்னன்னா, அதே ஆர்எக்ஸ் நல்ல நிலையில இருந்தா லட்சத்துக்கு மேல விலை சொல்றாங்க. நானும் ஒண்ணு வாங்கலாம்னு போன மாசம் மாமாவைக் கூட்டிக்கிட்டு ஒரு வண்டி பார்க்கப் போனேன். பழைய வண்டி பார்க்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. பெயின்ட்டைப் பார்க்காதீங்க. ஆர்சி புக்கை வாங்கி எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் ரெண்டையும் வண்டியோட ஒத்துப் பாருங்க. நம்பர் அடிச்ச இடத்துல உரசின தடம் இருக்கான்னு பாருங்க. பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்குப் பதிவைப் புதுப்பிச்சிருக்காங்களா, பசுமை வரி கட்டியிருக்காங்களான்னு கேளுங்க. நாங்க பார்த்த வண்டியில எஞ்சின் நம்பர் ஒத்து வரல. வேண்டாம்னு சொல்லிட்டோம்.

ஆனாலும் மாமா ஒரு தடவை கிக்கரை உதைச்சார். ஸ்டார்ட் ஆச்சு. கொஞ்ச நேரம் ஆக்ஸிலரேட்டரைப் பிடிச்சபடி நின்னவர், அணைச்சுட்டு பெட்ரோல் டேப்பை மூடினார். முப்பது வருஷம் ஆகியும் கைக்கு அந்தப் பழக்கம் போகல.

திரும்பி வர்ற வழியில என் மூணு நிமிஷக் கணக்கைச் சொன்னேன். சிரிப்பார்னு நினைச்சேன்.

"அது எனக்கு அப்பவே தெரியும் மாப்ள," என்றார். "செயினைக் கழட்டும்போது உங்க அம்மாச்சி கேட்டுச்சு, இந்த வண்டின்னா பூ சீக்கிரம் போயிருமாடான்னு. போயிரும்மான்னு சொல்லிட்டேன்."

அதுக்கு மேல அவர் பேசல. நானும் கேட்கல.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு வண்டி வாங்கின கதை இருக்கும். எதை எதோட ஒப்பிட்டாங்க, கடைசியில எதை எடுத்தாங்க, ஏன்னு பெரியவங்ககிட்ட கேட்டு எங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.