பீன்யாவின் தையற்கூடங்களும் நியாய வணிகமும்: பெண் உழைப்பின் விலை குறித்த ஒரு வரலாற்று ஆய்வு (1946–2024)

ஆய்வுச் சுருக்கம்

பெண்கள் கையால் செய்யும் பொருளுக்கு உரிய விலை கிடைக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு தோன்றியது நியாய வணிக இயக்கம். ஆப்பிரிக்காவின் கூடை முடையும் பெண்களுக்கும் இந்தியாவின் பூத்தையல் பெண்களுக்கும் அது சந்தையைத் திறந்துவிட்டது. அதே காலகட்டத்தில் பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டை வழியாகப் பெண்களின் தையல் உழைப்பு வேறொரு பாதையில் உலகச் சந்தையை அடைந்தது. இவ்விரு பாதைகளையும் அருகருகே வைத்து ஆராய்கிறது இக்கட்டுரை. வாங்குபவரின் நல்லெண்ணம் நியாய விலையைத் தொடங்கிவைக்கலாம். விலையும் கூலியும் பேசப்படும் இடத்தில் பெண்கள் அமைப்பாக இருந்தால்தான் அது நிலைக்கும் என்பது இதன் முடிவு.

முன்னுரை

ஆப்பிரிக்கப் பெண் கைவினைஞர்களைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் நகரத்துக் கடையில் அழகாக அடுக்கிவைத்த கூடையிலிருந்து தொடங்குகின்றன. பெங்களூருவின் துமகூரு சாலையில் காலை ஷிப்டுக்கு நடக்கும் பெண்களை அந்த எழுத்துகள் கண்டுகொள்வதில்லை. ‘கார்மெண்ட்ஸ்’ என்று அவர்களே சொல்லும் ஆயத்த ஆடை ஆலைகளில் கர்நாடகத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்கிறார்கள். அவர்களுள் பெரும்பான்மையோர் பெண்கள். கூடை முடைபவரும் சட்டை தைப்பவரும் தொலைதூர நாட்டு வாங்குபவருக்காகவே உழைக்கிறார்கள். இருவருக்கும் பொருளின் இறுதி விலை தெரிவதில்லை. ஆகவே இவர்களின் வரலாற்றைச் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

1. நியாய வணிகத்தின் தொடக்கம்

1946-இல் மென்னோனைட் திருச்சபையைச் சேர்ந்த எட்னா ரூத் பைலர் என்ற அமெரிக்கப் பெண்மணி புவேர்ட்டோ ரிக்கோவுக்குச் சென்றார். அங்கு ஏழைப் பெண்கள் பூத்தையலிட்ட துணிகளை வாங்கிவந்து, தம் நாட்டில் தெரிந்தவர்களிடம் விற்று, பணத்தை அவர்களுக்கே அனுப்பினார். பிற்காலத்தில் ‘டென் தவுசண்ட் வில்லேஜஸ்’ என்ற பெயரில் வளர்ந்த கடைத்தொடர் இந்த முயற்சியிலிருந்து பிறந்ததே. பிரிட்டனில் ஆக்ஸ்ஃபாம் அமைப்பு ஹாங்காங்கிலிருந்த சீன அகதிகளின் கைவேலைகளை 1950களின் இறுதியில் தன் கடைகளில் விற்கத் தொடங்கியது. இந்தத் தொடக்க முயற்சிகளை இயக்கியது ஈகை உணர்வு.

1968-இல் புது தில்லியில் கூடிய ஐ.நா. வணிக வளர்ச்சி மாநாடு விவாதத்தின் போக்கை மாற்றியது. எங்களுக்கு உதவி வேண்டாம், நேர்மையான வணிகம் வேண்டும் என்று ஏழை நாடுகள் அங்கு வற்புறுத்தின. அடுத்த ஆண்டே நெதர்லாந்தின் பிரூக்கலன் ஊரில் முதல் ‘உலகக் கடை’ திறக்கப்பட்டது. 1989-இல் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஒன்று உருவாகி, பின்னர் உலக நியாய வணிக அமைப்பு என்று பெயர் பெற்றது. கைவினைப் பொருள்களுக்கு ஆணை தருபவர், உற்பத்தியாளர் கேட்டால் விலையில் குறைந்தது 50 விழுக்காட்டை வட்டியில்லா முன்பணமாகத் தர வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. இந்த விதியின் அருமையை ஆப்பிரிக்கச் சான்றுகள் நன்கு உணர்த்துகின்றன.

2. ஆப்பிரிக்கக் கூடைகள் சொல்லும் செய்தி

வடக்குக் கானாவின் போல்கட்டாங்கா வட்டாரத்தில் பெண்கள் முடையும் கூடைகள் உலகப் புகழ் பெற்றவை. அவற்றுக்கான புல் அங்கு போதிய அளவில் விளைவதில்லை. தெற்கிலிருந்து லாரியில் வருகிறது. கையில் காசில்லாத பெண் புல்லைக் கடனாக வாங்குகிறாள். கடன் கொடுத்தவரிடமே கூடையையும் விற்க வேண்டிய கட்டாயம் ஏற்படுகிறது. விலை அங்கேயே அடிபட்டுப்போகிறது. முன்பணம் கிடைக்கும் குழுவில் இருக்கும் பெண் மட்டுமே சந்தை நாளில் விலை படியாவிட்டால் கூடையைத் திரும்ப எடுத்துச் செல்ல முடியும். பேரம் பேசும் வலு முன்பணத்திலிருந்து தொடங்குகிறது.

ருவாண்டாவில் 1994 இனப்படுகொலைக்குப் பின் ஹூட்டு, துட்சி இனப் பெண்கள் ஒன்றாக அமர்ந்து முடைந்த ‘அமைதிக் கூடைகள்’ 2005-இல் அமெரிக்காவின் மேசிஸ் பல்பொருள் அங்காடிக்குச் சென்றன. கணவரையும் பிள்ளைகளையும் இழந்த பெண்களுக்கு அந்த வருவாய் பிழைப்பு தந்தது. பகை கொண்ட இரு தரப்பாரை ஒரே பாயில் உட்காரவும் வைத்தது.

கென்யாவின் அனுபவம் எச்சரிக்கையாக அமைகிறது. கம்பா, கிக்கூயூ பெண்கள் கற்றாழை நாரில் பின்னும் ‘கியொண்டோ’ பை மேற்கு நாடுகளில் நாகரிகப் பொருளாகப் பரவியது. ஆசிய நாடுகளிலிருந்து மலிவான நகல்கள் வந்து குவிந்ததும் அதன் சந்தை சுருங்கியது. நாகரிகம் மாறினாலும் நகல் வந்தாலும் அடி விழுவது முதலில் அந்தப் பெண்ணின் மேல்தான். ஒற்றை வாங்குபவரை, ஒற்றைப் பொருளை நம்பிய எந்தக் குழுவுக்கும் இந்த ஆபத்து உண்டு.

3. இந்தியப் பாதை: கூட்டுறவும் சங்கமும்

மங்களூருவில் 1903-இல் பிறந்த கமலாதேவி சட்டோபாத்யாய், நாடு விடுதலை பெற்றதும் கைவினையைக் கூட்டுறவோடு இணைத்தார். 1952-இல் அமைந்த அகில இந்தியக் கைவினை வாரியத்தின் தலைவராக அவர் ஆற்றிய பணி நாடெங்கும் அரசு விற்பனை நிலையங்கள் பெருக வழி செய்தது. கர்நாடகத்தின் ‘காவேரி’ விற்பனைக் கூடங்கள் அந்த மரபில் வந்தவையே.

அரசு விற்பனை நிலையம் பொருளுக்குச் சந்தை தந்தது. கூலி பேசும் உரிமையைப் பெண்ணுக்கு அது தந்துவிடவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப 1972-இல் அகமதாபாத்தில் இலா பட் ‘சேவா’ சங்கத்தைத் தொடங்கினார். முதலாளி யார் என்று காட்ட முடியாதவர்களுக்குத் தொழிற்சங்கம் எதற்கு என்று பதிவு அலுவலர்கள் தயங்கினர். உழைப்பவர்கள் ஒன்றுபடுவதே சங்கம் என்று வாதிட்டு அவர் பதிவு பெற்றார். ஆலைக் கழிவுத் துண்டுகளைத் தைத்து உறை செய்த பெண்கள் பீஸ் ரேட்டை உயர்த்தக் கேட்டபோது வணிகர்கள் வேலையை நிறுத்தினார்கள். உடனே சேவா அந்தப் பெண்களுக்கென ஒரு கூட்டுறவை அமைத்தது. வணிகர் வேலை தராவிட்டாலும் பட்டினி இல்லை என்ற நிலை வந்த பிறகே பேச்சுவார்த்தைக்குப் பொருள் ஏற்பட்டது. போராடச் சங்கம், பிழைக்கக் கூட்டுறவு என்ற இந்த இணைப்பை இந்தியப் பெண்கள் உலக நியாய வணிகத்துக்கு வழங்கிய மிகப் பெரிய கொடை எனலாம்.

கர்நாடகத்தின் பல்லாரி மாவட்டத்துச் சண்டூரில் லம்பாணிப் பெண்களின் பூத்தையலை வளர்த்துவரும் சண்டூர் குசல கலா கேந்திரமும், தருமபுரி மாவட்டச் சித்தேரி மலையடிவாரத்துச் சிட்லிங்கியில் லம்பாடிப் பெண்கள் நடத்தும் ‘பொர்கை’ அமைப்பும் கூட்டு உழைப்பின் அண்மைச் சான்றுகள். சண்டூர்ப் பூத்தையல் 2010-இல் புவிசார் குறியீடு பெற்றது. 2023 ஜூலையில் ஹம்பியில் நடந்த ஜி-20 கூட்டத்தையொட்டி 450-க்கும் மேற்பட்ட லம்பாணிப் பெண்கள் செய்த 1,755 பொருள்களின் காட்சி கின்னஸ் பதிவானது. இந்த வெற்றிகள் போற்றத்தக்கவை. எனினும் இப்படிப்பட்ட அமைப்புகள் எட்டும் பெண்களின் எண்ணிக்கை நூறுகளிலும் ஆயிரங்களிலும் நிற்கிறது. கிராமத்துப் பெண்களில் பல லட்சம் பேர் போய்ச் சேர்ந்த இடம் தையல் ஆலை.

4. பீன்யா: தொழிற்பேட்டையிலிருந்து ஆடை ஏற்றுமதிக்கு

பீன்யாவை அடுத்த ஜாலஹள்ளியைச் சுற்றி 1950களில் எச்.எம்.டி., பி.இ.எல். ஆகிய பொதுத்துறை ஆலைகள் எழுந்தன. நிரந்தர வேலையும் குடியிருப்பும் வலுவான தொழிற்சங்கமும் அங்கிருந்தன. இந்த ஆலைகளுக்கு உதிரிப் பாகங்கள் செய்துதரும் சிறு பட்டறைகளைத் திரட்டி 1970களின் பிற்பகுதியில் வளர்ந்த பீன்யா, ஆசியாவின் மிகப் பெரிய தொழிற்பேட்டைகளுள் ஒன்றானது. லேத்தும் டூல் ரூமும் நிறைந்திருந்த அந்தப் பகுதிக்குள் ஏற்றுமதி ஆடை ஆலைகள் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தன.

1974 முதல் நடப்பிலிருந்த பல்லிழை ஒப்பந்தம், எந்த நாடு எவ்வளவு துணி ஏற்றுமதி செய்யலாம் என்று ஒதுக்கீடு வகுத்திருந்தது. 2005 ஜனவரி 1-இல் அந்த ஒதுக்கீடு முடிவுக்கு வந்தது. எங்கே மலிவோ அங்கே ஆணை என்ற நிலை பிறந்தது. பெரிய ஆலைகள் மேலும் பெரிதாயின. ஒரே கூரையின்கீழ் லைன் லைனாக மெஷின்கள் பெருகின. ஹெல்பராகச் சேரும் பெண் சில மாதங்களில் டெய்லராகிறாள். காலர் மட்டும், அல்லது கை மட்டும் நாள் முழுவதும் தைக்கிறாள்.

இங்குக் கைவினைக்கும் ஆலைக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. இரண்டு இடத்திலும் காலம் கணக்கிடப்படுகிறது. நியாய வணிகக் குழு, ஒரு கூடைக்கு எத்தனை மணி நேரம் ஆனது என்று கணக்கிட்டு அதற்கேற்ப விலை வைக்கிறது. ஆலையோ ஒரு சட்டைக்கு எத்தனை நிமிடம் போதும் என்று முதலில் வகுத்து, அதிலிருந்து மணிக்கு இத்தனை பீஸ் என்ற டார்கெட்டை நிர்ணயிக்கிறது. பிராண்டு விலையைக் குறைத்துக் கேட்டால் நிமிடங்கள் சுருங்குகின்றன, டார்கெட் ஏறுகிறது, சூப்பர்வைசரின் குரலும் உயர்கிறது. பெண்ணின் நேரத்தை மதிப்பதற்கான அதே அளவுகோல் அவளை விரட்டவும் பயன்படுகிறது. அளவுகோலைக் கையில் வைத்திருப்பவர் யார் என்பதே கேள்வி.

இந்தக் கேள்வியை எழுப்பும் அமைப்புகள் பெங்களூருவில் 2000-க்குப் பின் உருவாயின. ‘சிவிடெப்’ ஆய்வும் விழிப்புணர்வும் நடத்தியது. ‘முன்னடெ’ பெண்களைக் குடியிருப்புகளில் திரட்டியது. கார்மெண்ட் அண்டு டெக்ஸ்டைல் ஒர்க்கர்ஸ் யூனியனும், 2012-இல் பெண்கள் தலைமையில் அமைந்த கார்மெண்ட் லேபர் யூனியனும் ஆலை வாசலுக்கு வந்தன.

5. 2016: ஓராண்டில் மூன்று நிகழ்வுகள்

2016-ஆம் ஆண்டை இந்த வரலாற்றின் திருப்புமுனை எனக் கருதலாம். மார்ச்சில், நியாய வணிகச் சான்றிதழ் வழங்கும் ஃபேர்டிரேடு அமைப்பு நெசவு, ஆடைத் துறைக்கெனத் தனி நெறிமுறையை வெளியிட்டது. ஆறு ஆண்டுகளுக்குள் வாழ்வதற்குப் போதிய கூலியை எட்ட வேண்டும் என்று அது வரையறுத்தது. கைவினையிலும் வேளாண் பொருளிலும் வளர்ந்த இயக்கம் ஆலைப் பெண்ணின் பக்கம் திரும்பியது அப்போதுதான். இசைந்து முன்வந்த பிராண்டுகளை மட்டுமே அந்த நெறிமுறையால் கட்டுப்படுத்த முடிந்தது.

ஏப்ரலில் பெங்களூருவின் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். வருங்கால வைப்புநிதியில் முதலாளி செலுத்தும் 3.67 விழுக்காட்டுப் பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க முடியாது என்று பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்திருந்தது. கார்மெண்ட்ஸ் பெண்ணுக்கு பி.எஃப். பணம்தான் ஒரே சேமிப்பு. மகளின் படிப்பு, வீட்டில் ஒரு திருமணம், கந்துவட்டிக் கடன் என்று எதற்கும் வேலையை விட்டு அந்தப் பணத்தை எடுத்து, பிறகு வேறோர் ஆலையில் சேர்வார்கள். பணிக்கொடை பெற ஐந்தாண்டுத் தொடர் பணி வேண்டும். பலர் அதற்கு முன்பே வேலை மாறிவிடுவதால் அதுவும் கைக்கு வருவதில்லை. 58 வயதுவரை மெஷினில் உட்கார்ந்திருக்க முடியாது என்பதை அவர்கள் உடம்பே அறிந்திருந்தது.

ஏப்ரல் 18-ஆம் நாள் ஓசூர் சாலையின் பொம்மனஹள்ளிப் பகுதியில் வேலையை விட்டு வெளியேறியவர்களைத் தொடர்ந்து, மறுநாள் பீன்யா, ஜாலஹள்ளி கிராஸ், துமகூரு சாலை என நகரின் மறுகோடியும் நின்றது. எந்தச் சங்கமும் அழைப்பு விடுக்கவில்லை. சில இடங்களில் வன்முறையும் தடியடியும் நிகழ்ந்தன. 19-ஆம் நாள் மாலைக்குள் மத்தியத் தொழிலாளர் துறை அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா அந்த விதியைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். இரண்டே நாளில் நாடு முழுவதுமுள்ள தொழிலாளர்களின் சேமிப்பைப் பெங்களூருவின் தையற்பெண்கள் மீட்டுக்கொடுத்தார்கள்.

ஜூலையில் எத்தியோப்பியாவில் ஆடை ஏற்றுமதிக்கான ஹவாசா தொழிற்பூங்கா திறக்கப்பட்டது. அங்குத் தொடக்க ஊதியம் மாதம் 26 டாலர் என்று நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன் மையம் 2019-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியமே தனியார் துறைக்கு இல்லாத நாடு அது. 2022 தொடக்கத்தில் அமெரிக்கா எத்தியோப்பியாவுக்கான வரிச்சலுகையை நிறுத்தியபோது, உள்நாட்டுப் போரும் அரசியலும் நடத்திய கணக்குக்கு விலை கொடுத்தவர்கள் ஹவாசாவின் இளம்பெண்கள்.

6. பீன்யாவையும் கென்யாவையும் இணைக்கும் நூல்

பெங்களூருவில், பீன்யாவுக்கு அருகிலுள்ள யஷ்வந்தபுரத்தில் தலைமையகம் கொண்ட கோகல்தாஸ் எக்ஸ்போர்ட்ஸ், கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும் ஆலைகள் உடைய அட்ராகோ குழுமத்தைக் கையகப்படுத்துவதாக 2023-இல் அறிவித்து 2024-இல் அதை நிறைவேற்றியது. கியொண்டோ பின்னிய பெண்களின் நாட்டில் இன்று ஏற்றுமதிச் சட்டைகள் தைக்கப்படுகின்றன. அந்த ஆலைகளின் நிர்வாகம் கர்நாடகத்தோடு இணைந்துவிட்டது. முதலீடு கடல் கடந்துவிட்டது. பெண்களின் அமைப்புகளும் அதைப் பின்தொடர வேண்டிய காலம் இது. பீன்யாவில் கூலி கேட்டால் ஆணை ஆப்பிரிக்காவுக்குப் போய்விடும் என்றும், அங்கே கேட்டால் வேறெங்கோ போய்விடும் என்றும் அச்சுறுத்தப்படும்போது, இருபுறமும் ஒரே குரல் எழுந்தால்தான் அந்த அச்சத்துக்கு முடிவு வரும்.

அதற்கான முன்மாதிரியும் தமிழ் மண்ணில் உண்டு. திண்டுக்கல் மாவட்டத்து ஆலை ஒன்றில் பணியாற்றிய இளம்பெண் 2021-இல் கொலையுண்ட பின், பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன், ஆலை நிறுவனத்தோடும் எச் அண்டு எம் என்ற பன்னாட்டு பிராண்டோடும் 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தத்தை எட்டியது. பாலியல் வன்முறையையும் சாதி ஒடுக்குமுறையையும் தடுக்கும் கடமை அதில் ஏட்டுச் சொல்லாக நிற்கவில்லை. மீறினால் வணிகத்தையே பாதிக்கும் நிபந்தனையாக எழுதப்பட்டது. கர்நாடகத்திலும் 2020 ஏப்ரலில் வர வேண்டிய மாதம் சுமார் 417 ரூபாய் பஞ்சப்படி உயர்வைப் பல ஆலைகள் தராமல் நிறுத்தியபோது, உள்ளூர்ச் சங்கமும் பன்னாட்டுக் கண்காணிப்பு அமைப்புகளும் சேர்ந்து நெருக்கிய பிறகே நிலுவை வந்து சேர்ந்தது.

முடிவுரை

எழுபத்தெட்டு ஆண்டு வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, முன்பணமும் நிலையான ஆணையும் இல்லாத நியாய வணிகம் போல்கட்டாங்காவின் கூடைக்காரியைக் கடன்காரரிடமே திருப்பி அனுப்புகிறது. இரண்டாவது, சான்றிதழ் தானாக முன்வரும் பிராண்டை மட்டுமே கட்டுப்படுத்தும்; திண்டுக்கல் போன்ற ஒப்பந்தம் கையெழுத்திட்டவரைச் சட்டப்படி பிணைக்கும். மூன்றாவது, கைவினைக் கூட்டுறவையும் ஆலைத் தொழிற்சங்கத்தையும் வெவ்வேறு உலகங்களாகப் பிரித்துப் பார்ப்பதால் இழப்பவர்கள் பெண்களே. சேவா அரை நூற்றாண்டுக்கு முன்பே இவ்விரண்டையும் இணைத்துக் காட்டியது.

ஆப்பிரிக்கப் பெண்ணின் கூடையை நியாய விலைக்கு வாங்க விரும்பும் தமிழ் வாசகர், தம் உடம்பில் இருக்கும் சட்டைக்கும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்: இதைத் தைத்தவருக்குச் சங்கம் உண்டா, அவர் கையொப்பமிட்ட ஒப்பந்தம் உண்டா? பிராண்டுகளிடமும் அரசுகளிடமும் இந்தக் கேள்வியை விடாமல் எழுப்புவதே பீன்யாவின் பெண்களுக்கும் கென்யாவின் பெண்களுக்கும் நாம் செய்யக்கூடிய உருப்படியான துணை.