பொம்மை வார்ப்பு

பொம்மை வார்ப்பு என்பது மண், மரப்பால், உலோகம், பிளாஸ்டிக் முதலியவற்றை அச்சிலிட்டு விளையாட்டுப் பொருள் செய்யும் தொழில். மலேசியாவின் கெடா மாநிலத்து யான், குவார் செம்படாக் வட்டாரம் ரப்பரின் வழியாக இதனோடு தொடர்புடையது.

விளையாட்டுப் பொருள் தமிழ் இலக்கியத்திலும் உண்டு. பட்டினப்பாலை மூன்று சக்கரச் சிறுதேரைக் காட்டுகிறது. அது நடைவண்டியே என்பர் சிலர். வேறு விளையாட்டுத் தேர் எனக் கொள்வாரும் உளர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் நிறைவுப் பருவம் சிறுதேர்.

அச்சு வார்ப்பின் நவீன வரலாறு மலாயாக் காடுகளில் தொடங்குகிறது எனலாம். கட்டாபர்ச்சா மரத்தின் பால் உறைந்தால் கெட்டியாகும். வெந்நீரிலிட்டால் இளகி, பிசைந்த வடிவத்திலேயே ஆறி இறுகும். மலாய்க்காரர்கள் இதைக்கொண்டு பாராங் கத்திக்குப் பிடி செய்தனர். அந்தப் பிடியைக் கண்ட மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி 1843இல் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். சிங்கப்பூர் வணிகர் ஜோசே டி அல்மேடாவும் அதே ஆண்டில் மாதிரிகளை அங்கு சேர்ப்பித்தார். முதன்மை யாருக்கு என்பதில் நூல்கள் வேறுபடுகின்றன. சில ஆண்டுகளுக்குள் கோல்ஃப் பந்து, பொம்மை, கடலடித் தந்திக் கம்பியின் உறை எனப் பலவும் இதில் உருவாயின. மரத்தை வெட்டிச் சாய்த்தே பால் எடுத்ததால் மரங்கள் அருகிப்போயின, அது பேரிழப்பு.

சாய்க்காமல் சீவியே பால் எடுக்கத்தக்க ரப்பர்க் கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. கெடாத் தோட்டங்களில் பால் வெட்டியோரில் தமிழர் மிகுதி. தோட்ட லயத்து (வரிசை வீட்டு) பிள்ளைகளுக்கு ரப்பர்க் கொட்டையே பொம்மை: பளபளப்பான மேல்தோல், அதில் பழுப்பு வரிகள், ஒன்றைப்போல் மற்றொன்று இராது. ஒரு கொட்டையின் மேல் இன்னொன்றை வைத்துக் கையால் ஓங்கி அடிப்பர், உடையாதது வென்றது. சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றிப் பக்கத்துப் பிள்ளையின் கையில் வைப்பதும் உண்டு. பால் டின் வண்டியும் ரப்பர் வளையக் கயிறும் இவற்றோடு சேரும்.

பிளாஸ்டிக் வார்ப்பின் தொடக்கம் வேறிடம். 1872இல் அமெரிக்காவின் ஹயாட் சகோதரர்கள் செல்லுலாய்டு என்னும் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி அச்சுக்குள் தள்ளும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றனர். செல்லுலாய்டுப் பொம்மை எளிதில் தீப்பற்றும். 1946இல் ஜேம்ஸ் ஹெண்ட்ரி திருகு எந்திரத்தை அமைத்தார். இன்றைய உட்செலுத்து வார்ப்பு அதன் வழி வந்தது. பிளாஸ்டிக் குருணை சூடான உருளைக்குள் விழும். சுழலும் திருகு அதை உருக்கி, குளிரூட்டப்பட்ட எஃகு அச்சுக்குள் மிகுந்த அழுத்தத்தில் செலுத்தும். இறுகியதும் அச்சு திறக்க, ஊசிகள் பொருளை வெளியே தள்ளும். இவ்வாறு வார்த்த பொம்மையைக் கவிழ்த்துப் பார்த்தால் இந்தச் செய்முறை தெரியும்: இரு அச்சுப் பாதிகள் சேர்ந்த மெல்லிய கோடு, ஊசிகள் பதித்த சிறு வட்டங்கள், உருகிய பிளாஸ்டிக் நுழைந்த இடத்தில் ஒரு சிறு முனை. பந்து போன்ற உள்ளீடற்ற பொருள்களுக்குக் காற்றூதும் வார்ப்பு தனியே உண்டு.

பினாங்கு பிறையில் மாட்டல் நிறுவனத்தின் ஆலை 1980கள் முதல் ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்களைச் செய்துவருகிறது. பொதுவாக இக்கார்களின் மேற்கூடு துத்தநாகக் கலவை வார்ப்பு. சக்கரமும் கண்ணாடியும் பிளாஸ்டிக்.

மலேசியாவில் பொம்மைகளுக்கான பாதுகாப்புத் தர விதிமுறைகள் 2009இல் வகுக்கப்பட்டன.