ஜன்னல் சீட்டும் வடதுருவமும்

நீண்ட தூர விமானத்தில் ஜன்னல் சீட்டா, நடைபாதை சீட்டா என்று கேட்டால் யோசிக்காமல் ஜன்னல் என்று சொல்கிற ஆள் நான். "நடுராத்திரி பாத்ரூம் போக ரெண்டு பேரை எழுப்பணுமே" என்று வீட்டில் திட்டு விழும். விழட்டும். பத்து கிலோமீட்டர் உயரத்திலிருந்து கிரீன்லாந்தின் பனியைப் பார்க்க நமக்கெல்லாம் வேறு வழி ஏது?

எந்தப் பக்கம் உட்காரணும் என்று நண்பர்கள் கேட்பார்கள். பதில் சுலபம். ஐரோப்பாவிலிருந்து பகலில் அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போனால் வலது பக்கம். வெயில் பெரும்பாலும் இடது பக்கம் விழும், கண் கூசாது. அங்கிருந்து ராத்திரியில் ஐரோப்பா திரும்பினால் இடது பக்கம். அதுதான் வடக்கு, அதிர்ஷ்டம் இருந்தால் துருவ ஒளி தெரியும். இறக்கைக்கு மேலே மட்டும் உட்கார்ந்துடாதீங்க. டிப்ஸ் அவ்வளவுதான்.

பக்கத்தை நாம் தேர்ந்தெடுக்கலாம். காட்சியைத் தேர்ந்தெடுப்பது யார்? யாருடைய வானம் யாருக்குத் திறந்திருக்கிறது என்கிற அரசியல்தான். சந்தேகமாக இருந்தால் துருவப் பாதையின் கதையைப் பாருங்கள்.

வீட்டில் பூகோள உருண்டை இருந்தால் கோபன்ஹேகனுக்கும் டோக்கியோவுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் ரஷ்யாவின் மேல்தான் போகும். ஆனால் பனிப்போர்க் காலத்தில் சோவியத் வானம் மேற்கத்திய விமானங்களுக்குக் கிட்டத்தட்ட மூடிய கதவு. அதனால் ஜப்பான் போக வேண்டுமென்றால் தெற்கே இறங்கி, ஆசியாவைச் சுற்றி, ஊர் ஊராக நின்று நின்று போகணும். சுமார் 50 மணி நேரம்!

ஸ்காண்டிநேவியாவின் எஸ்.ஏ.எஸ். நிறுவனம் வடக்கே திரும்பிப் பார்த்தது. 1954 நவம்பர் 15ல் டி.சி-6பி விமானத்தில் கோபன்ஹேகனிலிருந்து கிரீன்லாந்து, வின்னிபெக் வழியாக லாஸ் ஏஞ்சலீஸுக்குச் சேவை ஆரம்பித்தது. 1957 பிப்ரவரி 24ல் இன்னும் ஒரு படி மேலே போய், வடதுருவத்தைத் தாண்டி அலாஸ்காவின் ஆங்கரேஜ் வழியாக டோக்கியோ. பயணம் சுமார் 30 மணி நேரமாகக் குறைந்தது. துருவத்துக்குப் பக்கத்தில் காந்த திசைகாட்டி உதவாது. அதற்காகவே தனி ஜைரோ கருவி, தனிக் கட்டம் போட்ட வரைபடம் என்று மெனக்கெட்டார்கள். துருவத்தைத் தாண்டும்போது ஒரு வேடிக்கை: விமானம் திரும்பவே திரும்பாது, ஆனால் அதுவரை மேற்காக இருந்த உங்கள் இடதுகைப் பக்கம் சட்டென்று கிழக்காகிவிடும்!

ஆங்கரேஜுக்கு வாழ்வு வந்தது. ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் நடுவே பறந்த பல விமானங்கள் பெட்ரோல் போட அங்கே இறங்கும். பசியோடு இறங்குகிற ஜப்பானியர்களுக்காக விமான நிலையத்தில் ஊடோன் நூடுல்ஸ் கடையே இருந்தது.

இதெல்லாம் ஜாலியான பக்கம். இன்னொரு பக்கமும் உண்டு. 1978 ஏப்ரல் 20ல் பாரிஸிலிருந்து ஆங்கரேஜ் கிளம்பிய கொரியன் ஏர்லைன்ஸ் விமானம் திசை தவறிச் சோவியத் எல்லைக்குள் போனது. சோவியத் போர் விமானம் சுட்டதில் இரண்டு பயணிகள் இறந்தார்கள். விமானத்தை உறைந்த ஏரியில் இறக்கியதால் மற்றவர்கள் தப்பித்தார்கள்.

1983 செப்டம்பர் 1ல் அந்த அதிர்ஷ்டமும் இல்லை. நியூயார்க்கிலிருந்து ஆங்கரேஜ் வழியாக சோல் போன அதே நிறுவனத்தின் 007 விமானம், ஆங்கரேஜிலிருந்து ஏறிய சில நிமிடங்களிலேயே மெல்ல மெல்ல விலக ஆரம்பித்தது. தானியங்கி ஓட்டுமுறை சரியான நிலையில் வைக்கப்படவில்லை என்று பின்னர் விசாரணை சொன்னது. சகாலின் தீவருகே சுட்டு வீழ்த்தினார்கள். 269 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. ராத்திரி நேரம். ஜன்னலோரம் இருந்தவர்கள் எட்டிப் பார்த்திருந்தாலும், கீழே இருப்பது யாருடைய கடல் என்று தெரிந்திருக்கவா போகிறது?

அந்த மாதமே அமெரிக்க அதிபர் ரீகன், ஜி.பி.எஸ். வசதி தயாரானதும் பொதுமக்களின் விமானங்களுக்கும் கிடைக்கும் என்று அறிவித்தார். முன் சீட்டுத் திரையில் ஊர்ந்து போகிற அந்தக் குட்டி விமானப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த 269 பேர் ஞாபகம்தான் வரும்.

1991ல் சோவியத் உடைந்தது, கதவு திறந்தது. ஆங்கரேஜில் இறங்கும் பயணிகள் கூட்டம் கரைந்துபோனது. ஐரோப்பாவிலிருந்து டோக்கியோ போகிறவர்கள் ஜன்னல் வழியே சைபீரியாவின் ஆறுகளைப் பார்த்தார்கள். நம்ம பக்கமும் பலன் வந்தது. 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் முதல் சான் பிரான்சிஸ்கோ - பெங்களூர் விமானம் துருவப் பாதையில் வந்தது. காக்பிட்டில் அத்தனை பேரும் பெண்கள், தலைமை கேப்டன் ஜோயா அகர்வால். அந்த இரண்டு ஊருக்கும் நூலை இழுத்துப் பாருங்கள், வடக்கே வெகுதூரம் ஏறிப் போகும்.

அப்புறம் 2022 பிப்ரவரி. உக்ரைன் போர். ஐரோப்பா ரஷ்ய விமானங்களைத் தடுக்க, ரஷ்யா பதிலுக்குத் தடுக்க, கதவு மறுபடி சாத்தப்பட்டது. ஏர் இந்தியா அந்தத் தடையில் இல்லை. அதனால்தான் 2023 ஜூனில் டெல்லி - சான் பிரான்சிஸ்கோ விமானத்தின் ஒரு இன்ஜின் தகராறு செய்தபோது, இருநூற்றுச் சொச்சம் பயணிகள் ரஷ்யாவின் மூலையில் இருக்கும் மகதானில் இறங்கினார்கள். மாற்று விமானம் வருகிறவரை அங்கேயே காத்துக் கிடந்தார்கள்.

ஃபின்லாந்தின் ஃபின்ஏர் கதை இன்னும் சுவாரசியம். 1983ல் சோவியத் வானத்தைத் தவிர்த்து ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குத் துருவம் வழியாக நிற்காமல் பறந்த நிறுவனம் அது. சுமார் 13 மணி நேரம். சைபீரியா திறந்த பிறகு அது ஒன்பதரை மணி நேரமானது. 2022ல்? மறுபடி துருவம், மறுபடி 13 மணி நேரம்! துருவத்தைத் தாண்டிய பயணிகளுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். 39 வருஷம் சுற்றி அதே பனிக்கு வந்து நின்றதற்கு ஒரு சான்றிதழ் :-)

அடுத்த முறை ஜன்னல் சீட்டு எடுத்தால் படம் பார்க்கிற திரையில் கொஞ்ச நேரம் வரைபடத்தைப் போட்டு வையுங்கள். நேராகப் போக வேண்டிய கோடு எங்கே வளைகிறது என்று கவனியுங்கள். அந்த வளைவுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கும். இதுவரை உங்க ஜன்னலில் என்னவெல்லாம் தெரிஞ்சுது? சொல்லுங்க, கேட்போம்.