மீன் குருதியணுக்கள்

மீனின் சிவப்பணு முட்டை வடிவம் கொண்டது. அதன் நடுவில் உட்கரு உண்டு. மனிதன் உள்ளிட்ட பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு கிடையாது. குருதியைக் கொண்டு மீனின் உடல்நலத்தை அறியும் கலை மெதுவாக வளர்ந்ததற்கும், இன்று புதிய பயன்களைத் தருவதற்கும் பெரும்பாலும் இந்த வேறுபாடே காரணம். எலும்பு மீன்களுக்குக் குருதி எலும்பு மஜ்ஜையில் ஊறுவதில்லை. தலைச்சிறுநீரகத்திலும் மண்ணீரலிலும் உருவாகிறது. குருதியை உறையச் செய்யும் திராம்போசைட்டுகளும் உட்கரு கொண்ட முழு அணுக்களே.

டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் லேவன்ஹுக், தாமே தேய்த்துச் செய்த வில்லைகளின் வழியே சால்மன் மீனின் குருதியைப் பார்த்தார். 1719-இல் அச்சான அவரது படத்தில் அணுக்களின் நடுவே பொட்டுப் போல ஒன்று தெரிகிறது. உட்கருவைக் காட்டும் படங்களில் நமக்குத் தெரிந்த மிகப் பழையது இதுவே. ஆர்க்கிட் செடியில் அதைக் கண்டு ராபர்ட் பிரவுன் பெயர் சூட்டியது 1831-இல்தான். உயிரியலுக்கு இத்தனை பெரிய உண்மையை முதலில் காட்டிய மீன் குருதி உரிய கவனம் பெறவில்லை என்றே சொல்ல வேண்டும். 1841-இல் காபிரியேல் வாலென்டின் டிரவுட் மீனின் குருதியில் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டார். பின்னாளில் டிரிப்பனோசோமா எனப்பட்ட பேரினத்தின் முதல் பதிவு அது. ஆப்பிரிக்க உறக்க நோயாளிகளின் குருதியில் அதன் உறவினத்தைக் கண்டறிய மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின.

சிவப்பணுக்களே வேண்டாத மீன்களும் உண்டு. அண்டார்டிக் கடலின் பனிமீன்களின் வெளிறிய குருதியை நார்வே நாட்டவர் டிட்லெஃப் ருஸ்டாட் 1927-இல் பூவே தீவருகே கண்டார். அதில் ஹீமோகுளோபின் இல்லை என்பதை யோஹான் ரூட் 1954-இல் உறுதிசெய்தார். கடுங்குளிர் நீரில் உயிர்வளி மிகுதியாகக் கரைவதால், குருதி நீர்மத்தில் கரைந்து வருவதைக் கொண்டே அவை வாழ்கின்றன.

மீன் வளர்ப்பு தொழிலாகப் பெருகிய பின்னரே குருதிச் சோதனை நோயறியும் கருவியானது. ஹெஸ்ஸர் 1960-இலும், பிளாக்ஸ்ஹாலும் டெய்ஸ்லியும் 1973-இலும் அன்றாடச் சோதனை முறைகளை வகுத்துத் தந்தனர். மனிதக் குருதியை எண்ணும் இயந்திரம் சிவப்பணுக்களைக் கரைத்துவிட்டு எஞ்சியதை வெள்ளையணுவாக எண்ணும். மீன் குருதியிலோ சிவப்பணு கரைந்தாலும் உட்கரு எஞ்சி நின்று கணக்கைக் கெடுக்கும். அதனால் கோழிக் குருதிக்காக 1952-இல் உருவான நாட்–ஹெரிக் சாயக் கரைசலையே மீனுக்கும் எடுத்துக்கொண்டார்கள். கண்ணாடித் தகட்டில் குருதியைத் தீற்றி, கீம்சா சாயமேற்றி, நுண்ணோக்கியில் கண்ணால் எண்ணுவதே இன்றும் நம்பகமான வழி.

இந்தச் சோதனைகளின் பயன் பெரிது. 1984-இல் நார்வேயில் தோன்றிய சால்மன் சோகை நோயில், குருதியில் அணுக்களின் பங்கான ஹீமாடோகிரிட் நூற்றுக்குப் பத்துக்கும் கீழே சரியும். குளத்தில் நைட்ரைட் கூடினால் ஹீமோகுளோபின் உயிர்வளியைச் சுமக்கும் திறனை இழக்கும். குருதி பழுப்பு நிறமாகும். அந்நிலையில் நீரில் உப்பிட்டால், குளோரைடு செவுள் வழியே நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். உட்கரு இருப்பதால் நீரில் கலந்த நச்சுகள் மரபுப்பொருளைச் சிதைப்பதையும் சிவப்பணுவிலேயே காணலாம். சிதைந்த துணுக்குகள் குறு உட்கருக்களாகத் தனித்து நிற்கும். ஹூஃப்ட்மனும் டி ராட்டும் 1982-இல் மீனில் இதைக் காட்டினர். நச்சு மட்டுமன்றி வைரஸும் சிவப்பணுவைத் தாக்கும்: 2010-இல் அறியப்பட்ட பிஸ்சைன் ரியோவைரஸ் சால்மனின் சிவப்பணுவுக்குள்ளேயே பெருகுகிறது.

மிகவும் கவனம் வேண்டிய இடம் குருதி எடுக்கும் நேரம். வழக்கமாக வாலடியில் முதுகெலும்பின் கீழுள்ள நாளத்தில் ஊசி குத்தி எடுப்பார்கள். வலையில் துள்ளிப் போராடிய மீனின் மண்ணீரல் சுருங்கிச் சேமித்த அணுக்களை வெளியே தள்ளும். அட்ரினலின் சிவப்பணுக்களை உப்பச் செய்யும். ஹீமாடோகிரிட் உயர்ந்திருப்பதைப் பார்த்து மீன் நலமாக இருப்பதாக எண்ணிவிடலாம். அணுவுக்குள் ஹீமோகுளோபின் செறிவு குறைந்திருக்கிறதா என்று கணக்கிட்டால் உப்பல் வெளிப்படும். எடுத்த குருதி உறைவதைத் தடுக்கச் சேர்க்கும் ஈ.டி.டி.ஏ. சில இனங்களில் அணுக்களை உடைத்துவிடுவதால், அதற்குப் பதில் ஹெப்பாரினையே பலர் விரும்புகிறார்கள்.

இனம், வயது, பருவம், நீரின் வெப்பம் ஆகியவற்றுக்கேற்ப இயல்பளவு மாறும். ஓர் இனத்துக்கு வகுத்த அளவை வேறோர் இனத்தின் மேல் வைத்து நோய் சொல்வது தவறு. வளர்ப்போர் தங்கள் குளத்து மீன் நலமாக இருக்கும்போதே குருதி அளவுகளைக் குறித்து வைக்க வேண்டும்.