மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனரும் ஈயம் நீங்கிய பெற்றோலும்

பழைய மொறிஸ் மைனர் ஒன்றைப் புதுப்பிக்க விரும்பும் நண்பர்கள் பெரும்பாலும் வர்ணத்தைப் பற்றியே என்னுடன் பேசுவார்கள். எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தீர்களா என்று நான் கேட்பேன். நான் மெக்கானிக் அல்லன். வரலாறு படித்த கலைப்பட்டதாரி. செய்தி தேடிப் போன ஊர்களில் கராஜ் வாசல்களில் காத்திருந்த பொழுதுகளில் சேர்ந்த அறிவே இது.

1948இல் வெளிவந்த முதல் மைனரில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருந்தன. 1952இல் ஒஸ்ரினும் மொறிஸும் ஒரே நிறுவனமானபின், ஒஸ்ரினின் ‘ஏ’ வரிசை எஞ்சின் மைனருக்குள் புகுந்தது. 803 சி.சி.யில் தொடங்கி, 1956இல் 948, 1962இல் 1098 என அது வளர்ந்தது. இதில் கம்ஷாப்ட் கீழே சுழலும். அது ரப்பெற்றை உயர்த்த, புஷ்றொட் ரொக்கரைத் தள்ள, ரொக்கர் மேலிருந்து வால்வை அமுக்கித் திறக்கும். வால்வு வந்து பொருந்தும் இடமான சீற், தனி வளையமாகப் பொருத்தப்படாமல், ஹெட்டின் வார்ப்பிரும்பிலேயே கடையப்பட்டிருந்தது.

அது அக்காலத்தில் போதுமானதாக இருந்ததற்குக் காரணம் ஈயம். எஞ்சினின் ‘தட்டல்’ நோய்க்கு மருந்தாக ஈயச் சேர்மத்தை அமெரிக்கரான தோமஸ் மிட்ஜ்லி 1921இல் கண்டறிந்தார். 1923இல் ஈயம் கலந்த பெற்றோல் விற்பனைக்கு வந்தது. மனித உடலுக்கு நஞ்சான அதே ஈயம், வால்வு சீற்றின்மீது மெல்லிய படலமாகப் படிந்து அதைக் காத்தது. படலம் இல்லாவிடில், செஞ்சூடேறிய எக்சோஸ்ற் வால்வு மூடும்போதெல்லாம் சீற்றில் நுண்ணளவில் ஒட்டும். திறக்கும்போது இரும்புத் துணுக்கைப் பெயர்த்துக்கொண்டு போகும்.

யாழ்ப்பாணம் அந்த ஈயத்தை நாட்டின் ஏனைய பகுதிகளுக்கு முன்னரே இழந்தது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் குடாநாட்டுக்குள் செல்லத் தடை வந்தது. சிறு போத்தலில் வைத்திருந்த சில துளி பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். ஒஸ்ரின்களும் மைனர்களும் நோயாளிகளையும் மணமக்களையும் அப்படியே சுமந்தன. பின்னால் கிளம்பிய வெண்புகையின் நெடி அந்த ஆண்டுகளை வாழ்ந்த எவருக்கும் மறக்காது.

மண்ணெண்ணெயில் ஈயம் இல்லை. முழுதாக ஆவியாகாத எண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழிறங்கி எஞ்சின் ஓயிலை நீர்க்கச் செய்தது. நீர்த்த ஓயிலில் கம்மும் ரப்பெற்றும் தேய்ந்தன. கரி படிந்து வால்வுத் தண்டு கைட்டுக்குள் இறுகினால் புஷ்றொட் வளையும். வளைந்ததைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்திய கைகளை நான் பார்த்திருக்கிறேன். புதியது எங்கே கிடைக்கும்?

2002இல் ஏ9 பாதை திறந்தது. பெற்றோல் தாராளமாக வந்தது. ஆனால் அதே ஆண்டில்தான் இலங்கை ஈயப் பெற்றோலைக் கைவிட்டது. பத்திரிகையில் அதைச் சுற்றாடல் செய்தியாகவே எழுதினோம், சரியானதுதான். பழைய வார்ப்பிரும்பு சீற்றுக்கோ, காத்திருந்த ஈயம் வராமலே போயிற்று.

இவ்வகை எஞ்சினில் சீற் தேய்ந்தால் சத்தம் கூடாது, குறையும். வால்வு ஹெட்டுக்குள் அமிழ அமிழத் தண்டு ரொக்கரை நோக்கி உயரும், இடைவெளி சுருங்கும். ‘எஞ்சின் நல்ல அமைதி’ என்று உரிமையாளர் மகிழ்ந்திருக்கையில் வால்வு முழுதாக மூடாமல் விளிம்பு கருகிக்கொண்டிருக்கும்.

ஆகவே இன்று ஹெட்டைத் திறப்பவர் முதற்செலவை எக்சோஸ்ற் சீற்றுக்கே ஒதுக்கவேண்டும்: பழையதைக் குடைந்தெடுத்துக் கடின உலோக வளையம் இறுக்கி, வெப்பந்தாங்கும் உருக்கில் செய்த புதிய வால்வுகளைப் போடுதல். கைட் ஆடினால் அதையும் மாற்றியபின்பே சீற்றை வெட்டவேண்டும். சீற்றின் மையத்தைத் தீர்மானிப்பது கைட்தான். புதிய கம்மின்மேல் பழைய ரப்பெற்றை வைப்பது வீண் சிக்கனம், இரண்டும் சேர்ந்தே அழியும். பழைய கம்மையே வைத்துக்கொள்வதானால் ஒவ்வொரு ரப்பெற்றும் தான் இருந்த துளைக்கே திரும்பவேண்டும். பந்தயக் காருக்குரிய கடும் ஸ்பிரிங்குகளை வாங்கும் இளைஞர்களைக் காண்கிறேன். பருத்தித்துறை வீதியில் நாற்பது மைலில் போகும் வண்டிக்கு அவை கம்மைத் தின்னும் கூடுதல் பாரம் மட்டுமே.

இறுதியில் இடைவெளி: எஞ்சின் குளிர்ந்திருக்கையில் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு. எட்டாம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்யவேண்டும்; ஏழாவது திறந்திருந்தால் இரண்டாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது. புதிய சீற் போட்ட வண்டியில் சில நூறு மைல் ஓடியபின் இதை மீண்டும் அளக்கவேண்டும்; அதன்பின்னும் இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தால் வளையம் போட்டவரிடம் ஹெட்டைத் திரும்பக் கொண்டுபோகலாம்.