ஒரிஜினல், லோக்கல், டூப்ளிகேட்

சென்னை அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் போகும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வண்டிக்குப் புது ஸ்பேர் கிடைக்கும். எதிர்த்திசையில், கூவத்தை ஒட்டிய புதுப்பேட்டையில் பழசு கிடைக்கும். வண்டி வைத்திருப்பவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பல தலைமுறையாகத் தெரிந்த கணக்கு இது. இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ‘டூப்ளிகேட்’ என்று ஒரு சரக்கு இந்தியா முழுக்கப் புழங்குகிறது. பார்க்கப் புதுசு, பெயர் பெரிய கம்பெனியுடையது, உள்ளே இருப்பதை யார் செய்தார்கள் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. அது எப்படி வந்து சேர்ந்தது என்பதை அறிய இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அன்றைக்கு இங்கே ஓடிய கார், பஸ், லாரி பெரும்பாலும் அமெரிக்க, ஆங்கிலேயக் கம்பெனிகளுடையவை. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலேயே பம்பாயில் வண்டிகளைப் பூட்டி விற்கத் தொடங்கியிருந்தாலும் பாகங்கள் கப்பலில்தான் வந்தன. போர் மூண்டதும் அந்த வரத்து வற்றியது. பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கலன்களைத் தயாரிக்க, பஸ்கள் அடுப்புக் கரியில் ஓடின. தேய்ந்த புஷ்ஷையும் உடைந்த பின்னையும் லேத் பட்டறைக்காரர்கள் பழையதை அளந்து பார்த்துக் கடைந்து கொடுத்தார்கள். போர் முடிந்து ராணுவம் கழித்த லாரிகளும் ஜீப்புகளும் விற்பனைக்கு வந்தபோது, அவற்றைப் பிரித்து மேய்ந்து இன்னும் பல வண்டிகள் உயிர் பிழைத்தன. அந்தப் பட்டறைகளில் நடந்தது தேவைக்குச் செய்த நகல். அதில் ஏமாற்று கிடையாது.

1953இல் மத்திய அரசு ஒரு முடிவெடுத்தது. இங்கேயே வண்டி தயாரிக்கும் திட்டம் உள்ளவர்களுக்குத்தான் இனி அனுமதி, வெறுமனே பூட்டி விற்பவர்களுக்கு இடமில்லை. மறு ஆண்டே ஜெனரல் மோட்டார்ஸ் கடையைக் கட்டியது. இறக்குமதிக்குக் கடிவாளம் விழ, பாகங்களை உள்நாட்டிலேயே செய்தாக வேண்டிய நிலை. அதில் சென்னை முந்திக்கொண்டது. 1949இலேயே இந்தியா பிஸ்டன்ஸ் வந்திருந்தது. 1960இல் வீல்ஸ் இந்தியா, 1961இல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962இல் பிரேக்ஸ் இந்தியா, 1966இல் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் என்று ஆலைகள் வரிசையாக எழுந்தன.

ஆனாலும் தட்டுப்பாடு தீரவில்லை. ஆலையில் செய்த பாகம் முதலில் புது வண்டி கட்டுகிறவர்களுக்குப் போனது. மிஞ்சியதுதான் கடைக்கு வந்தது. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் லூதியானாவிலும் கோயம்புத்தூரிலும் இன்னும் பல ஊர்களிலும் இருந்த சிறு பட்டறைக்காரர்கள். அவர்களுக்கு ஒரு பெரிய வசதி இருந்தது. 1957இல் வந்த அம்பாசடர் 2014 வரை ஏறக்குறைய அதே உருவத்தில் ஓடியது. ஃபியட் பெயர் மாறிப் பிரீமியர் பத்மினியாகி ஏறத்தாழ 2000 வரை வந்தது. ஒரு முறை அச்சு எடுத்துவிட்டால் பல ஆண்டுகளுக்கு அதே பாகத்தைச் செய்துகொண்டிருக்கலாம். தங்கள் பெயரிலேயே, குறைந்த விலையில் அவர்கள் விற்ற ‘லோக்கல்’ பாகங்கள் இல்லாவிட்டால் எத்தனையோ டாக்ஸிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டியிருப்பார்கள். இந்தத் தொழிலை மரியாதையோடுதான் பேச வேண்டும். லோக்கலையும் டூப்ளிகேட்டையும் ஒரே தராசில் வைப்பது பெரிய அநியாயம்.

இந்த வேறுபாடு இங்கிலாந்தில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. தன் கார்களுக்கான சைலன்சர் குழாயை அனுமதியில்லாமல் செய்து விற்ற ஆர்ம்ஸ்ட்ராங் என்ற கம்பெனிமீது பிரிட்டிஷ் லேலண்ட் வழக்குத் தொடுத்தது. வரைபடத்தின் பதிப்புரிமை தன்னிடம் இருக்கிறது என்பது அதன் வாதம். கார் வாங்கியவருக்கு அதைப் பழுதுபார்த்துக்கொள்ளும் உரிமை உண்டு, அதைத் தடுக்கப் பதிப்புரிமையைப் பயன்படுத்தக் கூடாது என்று 1986இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அடுத்தவர் செய்த பாகத்தைப் பார்த்துச் செய்வது ஒன்று. அடுத்தவர் பெயரைப் போட்டு விற்பது வேறு.

அந்த இரண்டாவது வேலைக்குப் பாகத்தைவிட டப்பாதான் முக்கியம். 1983இல் மாருதி வந்து, 1991க்குப் பிறகு பன்னாட்டுக் கம்பெனிகளும் வந்தபோது, மாடல்கள் பெருகின. எந்த வண்டிக்கு எந்தப் பாகம் என்பது கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதபடி ஆனது. வாங்குகிறவர் லேபிளை நம்பினார். அதே காலத்தில் நல்ல வண்ண அச்சும் எளிதாகிவிட்டது. கம்பெனிகள் ஹாலோகிராம் ஒட்டின, போலிக்காரர்களும் ஒட்டினார்கள். அதைவிடச் சுலபமான வழியும் இருக்கிறது. மெக்கானிக் கடையில் விழும் ஒரிஜினல் காலி டப்பாக்களை விலைக்கு வாங்கி, உள்ளே மட்டமான சரக்கைப் போட்டு மறுபடி விற்பது. தேய்ந்த பேரிங்கைப் பாலிஷ் போட்டு, புது எண் பொறித்து அப்படித்தான் விற்கிறார்கள்.

ஓர் ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். நல்ல ஃபில்டருக்குள் காகித மடிப்புகள் நெருக்கமாக, ஒரே அளவில் இருக்கும். இன்ஜின் நின்ற பிறகு ஆயில் வடிந்துவிடாமல் பிடித்து வைக்க ஒரு ரப்பர் வால்வு இருக்கும். காகிதம் அடைத்துக்கொண்டால் ஆயிலை வேறு வழியாக அனுப்ப, ஸ்பிரிங் வைத்த இன்னொரு வால்வும் இருக்கும். போலியில் மடிப்புகள் பாதியாகக் குறைந்திருக்கும், ரப்பர் விறைத்திருக்கும், இரண்டாவது வால்வு பல நேரம் பெயருக்குத்தான் இருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் இன்ஜின் சில நொடிகள் ஆயில் இல்லாமல் உராயும். சேதம் தெரிய மாதக்கணக்காகும். அப்போது இன்ஜின் வேலைக்குப் பெரும் தொகை எழுதுகிற யாரும் அந்தச் சின்ன ஃபில்டரைச் சந்தேகிப்பதில்லை.

பிரேக் லைனிங் அவ்வளவு நாள் பொறுக்காது. லைனிங்கில் உள்ள பொருள்களைப் பிணைத்து வைப்பது பிசின். தரமற்ற பிசின் சூடேறினால் ஆவியாகக் கசிந்து உராய்வைக் குறைத்துவிடும். சமதளத்தில், நகரத்து வேகத்தில் வித்தியாசமே தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கும்போதுதான் தெரியும். பெடல் வழக்கம்போல் மிதிபடும், வண்டி நிற்காது. 2012இல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை போலி ஏர்பேக்குகளைச் சோதித்தபோது சில விரியவே இல்லை, சில உலோகத் துண்டுகளைச் சிதறவிட்டன. காப்பாற்ற வைத்த பையே அடித்தது.

பழியைப் போலிக்காரர்மீது மட்டும் போட்டுவிட முடியாது. அசல் பாகத்தைத் தங்கள் சர்வீஸ் சென்டருக்கு வெளியே கிடைக்கவிடாமல் வைத்திருந்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனது தனிக் கதை. தெருமுனை மெக்கானிக்குக்கு அசல் பொருளை எட்டாமல் வைத்தால், அந்த இடத்துக்குப் போலி வந்தே தீரும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டப்படி பொய்க் குறி போடுபவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. ஆனால் போலீஸ் சோதனை போடுவதற்கு முன் டி.எஸ்.பி. நிலை அதிகாரி வணிகக் குறிப் பதிவாளரின் கருத்தைப் பெற வேண்டும். அதற்குள் சரக்கு இடம் மாறிவிடுகிறது. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் இன்னும் கூர்மையானது. முக்கியப் பாதுகாப்புப் பாகம் என்று அரசு அறிவித்த ஒன்றைத் தரமில்லாமல் விற்றால் ஓராண்டு வரை சிறை, அல்லது பாகம் ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பெயரைத் திருடியதற்கான தண்டனையைவிட, உயிரோடு விளையாடியதற்கான இந்தத் தண்டனைதான் கடைக்காரரை யோசிக்க வைக்கும். அதை அதிகாரிகள் எடுத்துப் பயன்படுத்த வேண்டும்.

வண்டி வைத்திருப்பவர்களும் இரண்டு வேலை செய்யலாம். பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட எதை மாற்றினாலும் கம்பெனி பெயரும் பார்ட் நம்பரும் எழுதிய ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். மாற்றி முடித்ததும் காலி டப்பாவைக் கேட்டு வாங்கி, உங்கள் கையாலேயே கிழித்துப் போடுங்கள்.